ஆறாவது பீரியட்

அங்கே உரிமை, இங்கே உரிமம்
என்று கரும்பலகையில் எழுதினேன்.
'ரெண்டாவது தப்பு மேடம்' என்றான்
முதல் பெஞ்சு தஸ்தகீர்.
தப்பில்லை, இரண்டும் வேறு வேறு,
நடுவில் ஒரு கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது என்றேன்.
சிரித்தார்கள்.
பாடம் நன்றாகத்தான் தொடங்கியது.

ஒடுகத்தூர் அரசு மேல்நிலைப் பள்ளி,
பதினொன்றாம் வகுப்பு, அரசியல் அறிவியல்.
சத்துணவு முட்டை வாசம் இன்னும் போகவில்லை.
அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சுட்டார்கள்
என்று சொன்னதும்
'எந்த கிளாஸ் மேடம்?' என்றாள் பர்வீன்தாஜ்,
எங்கள் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தின்
நான்கு ஆணி ஓட்டைகளைப் பார்த்தபடி.

சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகள்.
துப்பாக்கி வேண்டும், பதினாறு.
வேண்டாம், பதினாறு.
கையில் வந்த கட்சிக்குப் பேச வேண்டும்,
மனசில் இருப்பதற்கு அல்ல.
ஐந்து மதிப்பெண்.
வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனபோது
பீரங்கி வாயில் கடலைத்தோல் கொட்டிய பிள்ளைகள்தான்.
இவர்களுக்கு இதெல்லாம் தூரத்து விஷயம்
என்று நினைத்திருந்தேன்.

ஹேமாவதிக்கு 'வேண்டும்'.
'எங்கப்பா மிலிட்டரி. ரிட்டயர் ஆகி
காட்பாடில பேங்க் வாசல்ல நிக்கிறாரு.
பேங்க்காரங்க அவருக்கு வேலை குடுக்கல மேடம்,
துப்பாக்கிக்குக் குடுத்தாங்க.
இவரு அதத் தூக்கிட்டுப் போறாரு.'
கைதட்டல்.
அவள் உட்காரவில்லை.
'எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்.
ரசீது தருவாங்க.
அந்த ரெண்டு மாசம் சம்பளம் கிடையாது.
அந்த ரெண்டு மாசம்தான்
எங்கம்மா பீரோ சாவிய இடுப்புலேர்ந்து கழட்டும்.'
உன் கட்சி 'வேண்டும்', ஹேமாவதி, என்றேன்.
'அதத்தான் மேடம் சொல்லிக்கிட்டிருந்தேன்'
என்று சீட்டை இரண்டாக மடித்தாள்,
நான்காக, எட்டாக.

வெள்ளையனுக்கு 'வேண்டாம்'.
பீஞ்சமந்தையிலிருந்து இறங்கி வந்து
ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன்.
அவன் குரலில் நான் கேட்டதெல்லாம்
'உள்ளேன் அம்மா' மட்டும்.
'போன ஆடில மைக் கட்டின ஜீப்பு வந்துச்சு.
லைசென்சு இல்லாதத காட்டோரமா போட்டுட்டுப் போங்க,
யாருன்னு கேக்க மாட்டோம், கேஸ் இல்லன்னாங்க.
மாமா ராத்திரியோட கொண்டுபோய்
நெல்லி மரத்துல சாத்திட்டு வந்தாரு.
மழத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு
குழா வாயில துணி அடச்சு.
சொன்னாப்ல கேஸ் இல்ல.
புரட்டாசில சாமையும் இல்ல.
ஒரே ராத்திரி, ஒன்ர ஏக்கர், பன்னி.
நஷ்டஈடு மனுவுல பட்டா நம்பருன்னு ஒரு கட்டம்.
அத மட்டும் விட்டுட்டுக் குடுத்தோம்.'

'கட்சி மாறிட்டான் மேடம்!' தஸ்தகீர் கத்தினான்.
'மாறல' என்றான் வெள்ளையன்.
அவசரமே இல்லாமல்
சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்தான்.
'அதுக்கு முந்துன வருசம்
அதே துப்பாக்கிலதான், பன்னின்னு நெனச்சி,
எங்கண்ணன.'
வினைச்சொல் வரும் என்று காத்திருந்தோம்.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதிப்பெண் தாளில்
'கொடுத்த கட்சியில் நின்று பேசினார்'
என்று நானே போட்டிருந்த வரி.
எதிரே ஆம், இல்லை.
பேனா மூடியைக் கழற்றினேன்,
மாட்டினேன்.

மணி அடித்தது. அடுத்து பி.டி. பீரியட்,
பெஞ்சுகள் மேலேயே ஏறி ஓடினார்கள்.
ஹேமாவதியின் சீட்டு அவள் உள்ளங்கையோடு போனது.
வெள்ளையன் திரும்பி வந்து
தன்னுடையதை டப்பாவில் போட்டான்,
சாக்பீஸ் துண்டுகளுக்கு அடியில், சத்தம் வராமல்.

'போர்டை அழிச்சிரட்டுமா?' என்றாள் பர்வீன்தாஜ்.
வேண்டாம், நாளைக்கு வேணும்.
போகும்போது கதவை இழுத்துச் சாத்தினாள்.
அது ஒரு கணம் அப்படியே நின்று
பிறகு மெல்ல
தானாகத் திறந்துகொண்டது.