இருபத்துமூன்றாம் பக்கம்

பதிப்பாசிரியர் எழுதியிருந்தார்:
குளிர்காலக் கொண்டாட்டம், ஐந்து வயதுக்கு மேல்,
இருபத்துநான்கு பக்கம்,
கொஞ்சம் பனி இருந்தால் நல்லது.

நான் இருப்பது ஈசூனில்.
டிசம்பரில் இருபத்துமூன்று டிகிரி வந்துவிட்டால்
லிஃப்டில் அதுதான் பேச்சு.
அந்துருண்டை வாசத்தோடு
ஸ்வெட்டர்கள் வெளியே வரும்.

தமிழில் குளிருக்கு மூன்று பருவம்.
கூதிர், முன்பனி, பின்பனி.
இந்தத் தீவில் வந்து இறங்கியது முதலாவது மட்டும்.
மற்ற இரண்டும் கப்பல் ஏறவில்லை.

ஆகவே மழை வரைந்தேன்.
முதல் பக்கம் முழுக்கச் சாய்ந்த மழை.
மூங்கில் கழிகளை உள்ளே இழுக்கும் கைகள்,
மாடிக்கு ஒன்றாகப் பதினொன்று.
ஏழாம் மாடியிலிருந்து ஒரு கால்சட்டை மட்டும்
தப்பித்துப் பறக்கிறது.
பிள்ளைகள் புத்தகத்தில்
ஒரு கால்சட்டையாவது பறக்க வேண்டும்.

ஆறாம் பக்கம், புளோக்கின் கீழ்த்தளம்.
மடக்கு மேசையில் திருமதி கோ
அரிசிமா உருண்டை உருட்டுகிறார்.
வயதுக்கு ஒன்று என்று எண்ணித் தின்ன வேண்டுமாம்.
தன் கிண்ணத்தை மட்டும்
கையால் மூடிக்கொண்டு தின்கிறார்.
பக்கத்தில் ரொஹானாவின் பச்சைப்பயற்றுக் கஞ்சி,
டி குரூஸ் வீட்டு ரம் ஊற்றாத கேக்,
நான் கொண்டுபோன சுக்குக் காப்பி.
அதை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.
படத்தில் வரிசை நிற்கிறது.

பன்னிரண்டும் பதின்மூன்றும் சேர்ந்து ஒரே படம்.
குடியிருப்பாளர் குழு
வாடகைக்கு எடுத்த நுரை இயந்திரம்.
இது உள்ளபடியே நடந்தது.
இரண்டு தடவை இருமியது, பிறகு கக்கியது,
முழங்கால் வரை.
ஒருவன் தாடி வைத்துக்கொண்டான்.
ஒருத்தி கண்ணில் சோப்பு பட்டு அழுதாள்,
அழுதுகொண்டே மறுபடி உள்ளே ஓடினாள்.

அப்போதும் வெள்ளை வண்ணத்தை நான் திறக்கவில்லை.
நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது
தாளைச் சும்மா விடுவது.

மாதிரிப் பிரதியை
எதிர்வீட்டு லோஷினியிடம் கொடுத்தேன்.
ஆறு வயது.
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவள்.
கால்சட்டைக்குச் சிரித்தாள்.
நுரையில் நின்றாள்.
"இதையெல்லாம் யாரு கூட்டுவா?"

பென்சில் சீவினேன்.
ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு
தரையில் காய்ந்து ஒட்டிய கொண்டாட்டத்தை
ஷஃபிகுல் சுரண்டிக்கொண்டிருந்ததை
பேருந்துக்கு ஓடும்போது பார்த்தேன்.
காலை வணக்கம் சொன்னேன்.
ஈரத்தில் வழுக்காமல் சுற்றிப் போனேன்.
இருபத்திரண்டு பக்கத்தில் அறுபத்தெட்டு முகம்.
எண்ணிப் பார்த்தேன், அவர் இல்லை.

உங்கள் ஊரில் குளிருமா என்று கேட்டேன்.
ரங்பூர், என்றார்.
கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கைகள்.
காலையில் கை நீட்டினால் விரல் தெரியாது.
மாட்டுக்குச் சாக்குப் போர்த்துவார்கள்.
வைக்கோல் கொளுத்தித் தெருவே சுற்றி நிற்கும்,
முகம் சுடும், முதுகு விறைக்கும்,
திரும்பித் திரும்பி நிற்பார்கள்
தோசையின் இரண்டு பக்கம் போல.
தோசை நான் சேர்த்தது.

அந்தப் பனி என்ன நிறம்?
யோசித்தார்.
வாளியைக் காட்டினார்.
தரை துடைத்துப் பிழிந்த தண்ணீர்.

வரையலாமா என்று கேட்டேன்.
ரப்பர் பூட்ஸ் வேண்டாம்,
ஷூ இருக்கிறது, அதைப் போடு, என்றார்.

இருபத்துமூன்றாம் பக்கத்தில் இன்னும் விடியவில்லை.
மேசைகள் மடித்துச் சாத்தியிருக்கின்றன.
புது ஷூ போட்ட ஒருவர்
துடைப்பத்தோடு நிற்கிறார்.
அவர் கூட்டிய வழியெல்லாம் மூடுபனி.
வாளி நிறத்துக்குக் கொண்டுவர
வெள்ளைக் குழாயை அன்றுதான் பிதுக்கினேன்,
ஒரு பட்டாணி அளவு.
சாக்குப் போர்த்திய மாடொன்று
லிஃப்டுக்குக் காத்திருக்கிறது.

பதிப்பாசிரியர் கேட்கிறார்: மாடு எதற்கு?
இன்னும் பதில் போடவில்லை.

லோஷினி கேட்டது வேறு.
"அது எத்தனையாவது மாடிக்குப் போகுது?"

ஒன்பது, என்றேன்.
அவள் தலையாட்டினாள்.