நிறுத்து, கொஞ்சம் பின்னால் போ

ஜோகுபாளையத்தில் டிசம்பர் மழை.
படத்தில் பாலைவனம்.
எங்கள் சுவரில் ஈரம் இறங்க இறங்க
அங்கே புழுதி ஏறிக்கொண்டிருக்கிறது.

கதாநாயகன் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்கிறான்.
நான் அவன் தோளுக்குப் பின்னால் பார்க்கிறேன்.
நிறுத்து, கொஞ்சம் பின்னால் போ.
அந்த ஜீப்பின் முகப்பில் எத்தனை பிளவு?
ஏழு.
ஒன்பது இருந்தால் உலகப் போருக்குப் போன வண்டி.
ஏழென்றால் போர் முடிந்தபின்
வயலுக்கும் சந்தைக்குமாகப் பிறந்தது.
திரையில் போட்ட வருடமோ நாற்பத்திரண்டு.
இன்னும் பிறக்காத வண்டியில் ஏறிப்போய்
எண்ணெய்க் கிடங்கைத் தகர்க்கிறார்கள், பாவிகள்.

ஜே.சி. ரோட்டில் இருபத்தாறு வருடம்
கிளட்ச் பிளேட் விற்ற கண் இது.
ஆளைப் பார்த்தால் பெயர் மறந்துவிடும்,
பம்பரைப் பார்த்தால் வயது சொல்வேன்.

ஜெர்மன் டாங்கி என்று ஒன்று உருண்டு வரும்.
சிலுவை மட்டும்தான் ஜெர்மன்.
சங்கிலி, சக்கரம், பீரங்கி எல்லாம் அமெரிக்கா.
சாம்பல் நிறம் பூசி
சொந்த ஆட்களையே சுட அனுப்பியிருக்கிறார்கள்.
அறுபத்திரண்டில் நடக்கிற பனிமலைப் படத்தில்
ஜோங்கா வந்து நிற்கும்.
ஜபல்பூரில் அதற்கு அப்போது
அச்சாணிகூட வார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் பழைய பில் புத்தகத்தின்
பின்பக்கத்தில் குறித்துவைக்கிறேன்.
அதில் எனக்குப் பிடித்தது ஒரு சக்திமான் லாரி.
இடது கதவில் மீன்முள் மாதிரி ஒரு வெல்டிங் தழும்பு.
ஒரு படத்தில் நம் பக்கம், கண்ணிவெடியில் கவிழ்ந்தது.
இன்னொன்றில் எண் பலகையை மாற்றி
எதிரிக்கு ரொட்டி சுமந்தது, அங்கேயும் எரிந்தது.
மூன்றாவதில் போரே இல்லை,
பாட்டுக்கு நடுவே செவ்வந்தி ஏற்றி வந்தது.
அதே தழும்பு.
இரண்டு பக்கமும் செத்த லாரி என்று
கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வேதவல்லி அவரை பிதுக்கிக்கொண்டிருந்தாள்.
ரிமோட் எப்போதும் அவள் மடியில்,
என் சொல்லுக்கு அவள் கட்டைவிரல்.
அன்றைக்கு நான் சொல்லாமலே நிறுத்தினாள்.
தானே பின்னால் போனாள்.

லாரியா என்றேன்.
லாரிக்குக் கீழே கிடக்கிறவன் என்றாள்.

பீன்யாவில் தினம் எண்ணூறு சட்டை பார்த்து
தப்பின தையலுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.
"வலது காது மடல் பாதி இல்லை பாருங்கள்.
போன ஞாயிறு இவன் நம் ஆள்.
பாலத்தில் குண்டு பட்டு அம்மா என்றான்.
இன்றைக்கு எதிரி. வாயே திறக்கவில்லை.
சட்டைகூட அதே சட்டைதான்.
காலரில் பட்டியைப் பிரித்து வேறு தைத்திருக்கிறார்கள்,
பழைய ஊசித் துளை தெரிகிறது."

எனக்குத் துளை தெரியவில்லை.
காது தெரிந்தது.

பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
லாரி மூன்று இடத்தில் இருந்தது.
அவன் ஒரு வரியிலும் இல்லை.

"ஒரு நாள் கூலி என்ன கொடுத்திருப்பார்கள்?
செத்துக் கிடந்தால் தனியாக ஏதாவது உண்டா?"
லாரி வாடகை என்றால் சொல்லியிருப்பேன்.
கரண்ட் போய்விட்டது.
இருட்டில் அவள் அவரை பிதுக்கும் சத்தம்
விட்டு விட்டுக் கேட்டது.

மறுநாள் டிரினிட்டி சர்க்கிளில்
ராணுவ வண்டிகளுக்காக எங்களை நிறுத்தினார்கள்.
எண் பலகையில் அம்புக்குறி மேலே பார்த்து, சரியாக இருந்தது.
படங்களில் அதைத்தான் முதலில் கோட்டைவிடுவார்கள்.
நாலு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.
கடைசி லாரியின் பின்பலகைமேல் கையூன்றி
ஒரு பையன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.
என்னைப் பார்த்தான், அல்லது
என் பின்னால் நின்ற பஸ்ஸை.

அந்த லாரி என்ன மாடல் என்று கேட்காதீர்கள்.
காது இரண்டும் முழுசாக இருந்தன.