லாண்டரிச் சீட்டின் பின்பக்கம்

படுக்கை விரிப்பு இருபத்தெட்டு.
தலையணை உறை முப்பத்தொன்று.
பெரிய துண்டு நாற்பது, ஒன்றில் மருதாணிக் கறை.
சீட்டைத் திருப்பினால் வெள்ளை.
அங்கேதான் என் கணக்கு.

கட்டணம் ஒரு லட்சத்து இருபதாயிரம்.
ஓராண்டுச் சான்றிதழ், விருந்தோம்பல் மேலாண்மை.
வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட
மேலாண்மை எதுக்கு என்றான் தம்பி.
திண்டுக்கல்லில் பைபாஸை ஒட்டி
மாடியில் வகுப்பு, கீழே டைல்ஸ் கடை.
போனில் பேசிய பெண் என்னை மேடம் என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்கே
பாதிக் கட்டணம் கட்டிவிடலாம் போலிருந்தது.

பூம்பாறையில் அப்பா அதைப் பூண்டாக மாற்றினார்.
கிலோ நூற்றைம்பதுக்குப் போனால் எண்ணூறு கிலோ.
'போனால்' என்பதை இரண்டு தரம் சொன்னார்.
அம்மா கேட்டது ஒன்றுதான்:
பூண்டுப் பல்லை ஊன்றினால் முளைக்கும்,
அந்தக் காகிதம் முளைக்குமா?

படிக்கிற வருஷம் சம்பளம் கிடையாது.
பத்தாயிரத்து ஐந்நூறு, பன்னிரண்டு தரம்.
அதையும் கட்டணத்தின் தலையில் ஏற்றினால்
இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.
படித்து வந்தால் பதினாலாயிரம்.
கூடக் கிடைப்பது மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.
வகுத்தேன்.
எழுபது மாதம், சில்லறை நாட்கள்.
போட்ட காசைத் திரும்பத் தொடும்போது
எனக்கு முப்பத்தொன்று நெருங்கியிருக்கும்.
தங்குமிடம், சாப்பாடு, பஸ் இன்னும் எழுதவில்லை.
சீட்டு சின்னது.

நிவேதன் அங்கே படித்தவன்தான்.
வந்த முதல் வாரம்
விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியாமல்
கட்டிலோடு மல்லுக்கட்டினான்.
எந்த அறை கீசர் எத்தனை தட்டுக்கு மசியும் என்று
நான்தான் சொன்னேன்.
ஆறாம் மாதம் அவன் கவுண்டருக்குப் போனான்.
நான் அதே இரண்டாம் மாடியில், ஐந்தாவது சீசன்.
கோபமில்லை என்று எழுதினால் பொய்.
அவன்மேல் இல்லை என்பது மட்டும் நிஜம்.

அவன் சட்டையில் பித்தளைப் பட்டை: நிவேதன்.
என்னுடையது பிளாஸ்டிக். ஹவுஸ்கீப்பிங் என்றிருக்கும்.
வேல்மதி என்று இந்த ஓட்டலில் கூப்பிடுபவர் மூன்று பேர்,
அதில் ஒருவர் கேரட் கொண்டுவருகிறவர்.
கவுண்டருக்கு அடியில் ஒரு ஹீட்டர் உண்டு.
கொடைக்கானல் டிசம்பரில்
சான்றிதழின் மொத்தப் பயனும்
காலடியில் சிவப்பாகத் தெரியும்.

ஆனால் நேற்று போனைத் திறந்து காட்டினான்.
கடன் தவணை நாலாயிரத்துப் பத்து, மூன்று வருஷம்.
கழித்தால் கையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
என்னைவிட ஐந்நூற்றுப் பத்து குறைவு.
சிரித்தோம். அவன் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டான்.
"ஜூலையில பாதிச் சம்பளம்தான் தராங்க,
தவணையும் பாதி எடுத்துக்குவீங்களான்னு பேங்க்ல கேட்டேன்."
என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.
தவணைக்கு ஆஃப் சீசன் கிடையாது.

பெஞ்சமின் சாரிடம் போனேன்.
"அனுபவத்துக்கு மதிப்பு உண்டும்மா" என்றார்.
எவ்வளவு சார் என்றேன்.
சாவிக்கொத்தை எண்ண ஆரம்பித்தார்.

இன்றிரவு நிவேதன் சாப்பிடப் போன நேரம்
அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முதலில் கட்டைவிரல், பிறகு பாதம்,
இளகியது.
போன் அடித்தது.
"குட் ஈவினிங், ரிசப்ஷன்."
குரல் எங்கிருந்தோ சரியாக வந்துவிட்டது.
இருநூற்றேழில் குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமாம்.
"உடனே ஆள் அனுப்பறேன் மேடம்."
போனை வைத்தேன்.
பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு
அந்த ஆளாக மாடியேறினேன்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி.
முன் அனுபவம் என்ற இடத்தில்
ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.
திரும்ப எண்ணிப் பார்த்தேன்,
துண்டு முப்பத்தொன்பதுதான்.