காலி செய்த நேரம்

தோட்டப்பாளையத்து லாட்ஜில் இரவு மேஜை.
மாதம் ஒன்பதாயிரம்,
பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் அமைதி.
பதிவேட்டுக்கு அடியில் துதியின் நகல்:
வடமொழியில் பத்தொன்பது பாட்டு.
ஏழாவதைக் கரையான் தின்றுவிட்டது.
திபெத்தியில் மட்டும் அது முழுசாய் இருக்கிறது,
நாலு அடி, அடிக்கு ஏழு அசை,
கரையான் ஏறாத குளிரில்.

அங்கிருந்து இறக்கிக்கொண்டு வர வேண்டும்.
முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.

ததாகதன்.
ததா, கத என்று பிரித்தால் அப்படியே போனவன்.
ததா, ஆகத என்றால் அப்படியே வந்தவன்.
இரண்டு ஆகாரம் ஒட்டி ஒன்றான இடத்தில்
போகிறானா வருகிறானா தெரியாமல் நிற்கிறான்.
தமிழில் ஏதாவது ஒன்றை எழுது
என்கிறது வழிகாட்டியின் சிவப்பு மை.

அறை 304, லேகி நோர்பு, தவாங்.
தங்கைக்கு இதய வால்வு.
மே மாத வேலூர் அவரைத் தூங்கவிடாது.
ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
கேனில் தண்ணீர் பிடிக்க வருவார்.
ஒருநாள் என் தாளைத் தலைகீழாகவே பார்த்துவிட்டு
ஏழாம் பாட்டை மளமளவென்று ஒப்பித்தார்.
சின்ன வயசு மனப்பாடம், அர்த்தம் கேட்காதே,
பாதி இந்தியில், பாதி கையில்.

'ஷெக்' வந்த இடத்தில் நிறுத்தினேன்.
போவதா, வருவதா?
பெரிய மனிதர் போனால் ஷெக் என்றார்.
வந்தாலும் ஷெக்.
கண்ணை மூடினாலும்,
என்றவர் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்தார்.
தண்ணீர் கேன் வழிந்து
தரையெல்லாம் ஈரம்.

அப்புறம் மூன்று வாரம் அவர் மேஜைப் பக்கம் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒரு விடிகாலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள்,
படிக்கு ஒரு மூச்சு.
தங்கையின் கையில் ஸ்கேன் கவர்,
இந்த வெயிலிலும் கழுத்து வரை சால்வை.
வெளியே காட்பாடிக்கு ஆட்டோ.
வந்த நேரத்துக்கு ஒரு கட்டம்,
காலி செய்த நேரத்துக்கு ஒரு கட்டம்.
அண்ணன் கையெழுத்துப் போட,
வார்டில் நர்சுகளிடம் பொறுக்கிய தமிழில்
அவள் சொன்னாள்:
"போய்ட்டு வர்றேன்."

பழக்கத்தில் "சரி, வாங்க" என்றேன்.

வெளிச்சம் வந்ததும் சிவப்புக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்:
அப்படியே போய்வருபவன்.
மறுபடி சிவப்பில்தான் திரும்பும், தெரியும்.

அட்வான்ஸில் மீதி பதினைந்து ரூபாய்
கொடுக்க மறந்துவிட்டேன்.
304 சாவியோடு முடிந்து
மாட்டி வைத்திருக்கிறேன்.