எத்தனையாவது ஏழு

ஹீயூமா தீவிலிருந்து வால்டுர் கூப்பிட்டபோது
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
"லீவிகா, உன் கருவி சொல்கிறது,
எங்கள் பள்ளி நீச்சல்குளம்
மைனஸ் பதினெட்டு டிகிரியாம்.
கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு.
பனிக்கட்டிக்குள் இருபது பிள்ளைகள்
மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கிறார்கள்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மைனஸ் பதினெட்டு எனக்குப் பழகிய எண்:
துறைமுகத்து மீன் கிடங்கு, மூன்றாம் அறை.
குளமும் கிடங்கும் ஒரே நிரல் வழியாகத்தான் பேசுகின்றன,
நானும் முகம் தெரியாத சிலரும்
காசு வாங்காமல் எழுதி
யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும் என்று விட்ட
ஆறாயிரம் வரி வழியாக.

ஒன்பது நாளுக்கு ஒருமுறை. சிலசமயம் பதினொன்று.
பௌர்ணமிக்கும் இதற்கும் தொடர்பில்லை.
(ஆம், அதையும் சரிபார்த்தேன்.)

ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிரிண்ட் வைத்தேன்:
யார் வந்தது, யார் போனது.
வைத்த கணமே பிழை காணாமல் போயிற்று.
பெயர் எழுதிக்கொள்ளும் நேரமும் ஒரு தாமதம்தானே;
அந்தத் தாமதத்தில் இரண்டு இழைகளும்
போலீஸ்காரர் நிற்கும் நாற்சந்தி போல
ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்தன.
பிரிண்டுகளைப் பிடுங்கினேன்.
நான்காம் நாள் விடியலில், நான் தூங்கும் நேரம் பார்த்து,
மீன் குளிர் மறுபடி குளத்தில் இறங்கியது.

பிஷ்கெக்கிலிருந்து ஜானர்பெக் எழுதினார்,
மாதம் ஒரு திருத்தம் அனுப்புவார், குரலைக்கூடக் கேட்டதில்லை:
"நீங்கள் அதை மெதுவாக்கிப் பார்க்கிறீர்கள். நெருக்குங்கள்.
நாற்பது இழைகளை ஒரே வாசலில் தள்ளிவிடுங்கள்."

தள்ளினேன். இரவு மூன்று இருபது.
ஜன்னலுக்கு வெளியே விரிகுடா வெள்ளையாய் உறைந்து கிடந்தது.
பதினோராவது நொடியில் அகப்பட்டது.

ஒரு இழை ஏழாம் எண் இணைப்பை மூடுகிறது.
இயங்குதளத்துக்குக் காலி எண்ணைக் கண்டால் பொறுக்காது,
அடுத்து வந்தவருக்கு அதே ஏழைத் தூக்கிக் கொடுக்கிறது.
இன்னொரு இழை, கையில் பழைய ஏழை வைத்துக்கொண்டு,
நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு பிந்தி வந்து
தட்டாமலே உள்ளே போட்டுவிட்டுப் போகிறது
பதினெட்டு டிகிரிக் குளிரை.
யாரும் பொய் சொல்லவில்லை.
அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள்.

அந்த வரிக்கு மேலே ஒரு பழைய குறிப்பு:
'இங்கே ஒரே நேரத்தில் இருவர் வரமாட்டார்கள்.'
யார் எழுதியது என்று கேட்க ஒரு கட்டளை போதும்.
தட்டச்சு செய்து, அழித்துவிட்டேன்.

நான் குடியிருப்பதும் ஏழாம் எண்ணில்தான், இரண்டாம் மாடி.
முன்பிருந்த ஆடோ பிஹ்லக் என்பவருக்கு
பல் மருத்துவர் இன்னமும் கடிதம் போடுகிறார்.
நான்கு வருடமாக இழுப்பறையில் சேர்கின்றன.
ஒருமுறை பார்க்காமல் பிரித்துவிட்டேன்:
கீழ்த்தாடை, இடப்பக்கம், அவசரம்.

பூட்டுப் போட்டால் தீரும்.
ஆனால் ஒருவர் உள்ளே போக, முப்பத்தொன்பது பேர்
வாசலில் குளிரில் நிற்க வேண்டும்.
வேறு மாதிரி எழுதினேன், பத்தொன்பது வரி.
அதன் சாரம் இவ்வளவுதான்:
ஏழு என்று மட்டும் சொல்லாதே,
எத்தனையாவது ஏழு என்று சொல்.

இரவெல்லாம் ஓடவிட்டேன், நாற்பது லட்சம் முறை.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை வைத்து
எதை நிரூபிப்பது?
ஜானர்பெக் ஒரே சொல் அனுப்பினார்: "காத்திருங்கள்."

ஒன்பதாம் நாள் போயிற்று. பதினொன்றும்.
பன்னிரண்டாம் நாள் வால்டுர்:
"இருபத்தெட்டு டிகிரி. அலுப்பாக இருக்கிறது."

அன்று மாலை இழுப்பறையைக் காலி செய்தேன்.
ஒவ்வொரு உறை மீதும் 'இவர் இங்கில்லை' என்று எழுதி
முனையிலிருக்கும் ஆரஞ்சுப் பெட்டியில் போட்டேன்.
பிரித்த அந்த ஒன்றை மட்டும் ஒட்ட முடியவில்லை.
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.
கீழ்த்தாடை, இடப்பக்கம்.
வலித்திருக்கும்.