முள்ளுக்கு வந்தவர்

கட்டைவிரலில் தூண்டில் முள்ளோடு வந்தார் ஓவிதியோ.
சிலோயே தீவில் அன்றும் மழை.
துறையிலிருந்து மருத்துவ நிலையம் வரை
சொட்டிய ரத்தத்தை மழையே கழுவிவிட்டிருந்தது.

முள் இருந்தது வலக்கையில்.
இடக்கையில் பட்டையைச் சுற்றினேன்.
"அந்தக் கைக்கு ஒன்றுமில்லையே, சிஸ்டர்."
"தெரியும்."
காற்று ஏறி, மெல்ல இறங்கியது.
நூற்றெழுபத்தெட்டு.

முன்பெல்லாம் நானும்
பல்லுக்கு வந்தால் பல், காதுக்கு வந்தால் காது என்றுதான் இருந்தேன்.
இருமலுக்கு வந்த ரொசெந்தோவுக்கு
இருமல் மருந்து கொடுத்தனுப்பினேன்.
இருமல் நின்றது.
ஒன்பதாம் நாள், வலை இழுக்கையில்,
நெஞ்சும்.

அதற்குப் பிறகு
யார் கதவைத் திறந்தாலும் முதலில் பட்டை, அப்புறம்தான் பேச்சு.
தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாய்க்கும்,
கையெழுத்து வாங்க வரும் தபால்காரனுக்கும்.

முள்ளை எடுத்தேன். இரண்டு தையல்.
புகைபோட்ட இறைச்சி வாரத்தில் எத்தனை நாள்,
சிகரெட் எத்தனை,
அப்பா எந்த வயதில் போனார்
என்று தையலோடு தையலாகக் கேட்டுவைத்தேன்.
"ஐம்பத்திரண்டு" என்றவர்
ஊசி ஏறாத நேரத்தில் முகம் சுளித்தார்.
அவருக்கு அப்போது ஐம்பத்தொன்று.

மாதம் தவறாமல் வருகிறார்,
முறைத்துக்கொண்டே சட்டைக்கையைச் சுருட்டுகிறார்.
நேற்று ஐம்பத்துநான்கு பிறந்ததாம்;
அரை வாளி சிப்பி கொண்டுவந்து
என் மேசைமேல், காகிதமெல்லாம் நனைய, வைத்தார்.
"மூன்று வருஷமாக மாத்திரை விழுங்குகிறேன்,
ஒன்றுமே ஆகவில்லை, சிஸ்டர்."

ஆமாம், ஓவிதியோ.
கையை நீட்டுங்கள்.