எண்பது டொலர்

கொலின்ஸ் வீதிக் கடையில்
வெள்ளைக் கையுறை போட்டுத்தான்
அதை எடுத்துக் காட்டினான் அந்தப் பெடியன்.
நானும் கையுறைக்காரிதான், தம்பி.
என்னுடையது நீலம்,
ஓரிரவுக்கு ஆறு சோடி,
உள்ளே வியர்வை, வெளியே மாவு.
சொல்லவில்லை.
கையை மட்டும் நீட்டினேன்.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.
டண்டினோங் பிஸ்கற் கம்பனியில்
வரி போக என் மணித்தியாலம் முப்பத்தொன்று.
மனக்கணக்கு எனக்குச் சின்னனிலேயே வரும்:
நூற்றுத் தொண்ணூறு மணித்தியாலம்.
இத்தனை மணித்தியாலத்தைக் கொட்டி
மணி காட்டும் ஒன்றை வாங்குகிறேன்.
சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்,
வேறு எதற்கோ.
இருபத்துநாலு மாதத் தவணை.
வீட்டில் இவருக்குச் சொன்ன விலை வேறு.

ஏன் என்றால்
அந்த முகத்தின் நீலம்.
பின்னிரவு நாலரைக்கு
தேத்தண்ணி இடைவேளையில்
கம்பனிப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால்
வானம் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும் நீலம்.
எனக்கு மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன்.
யாரோ பார்த்திருக்கிறான்,
பார்த்து விலையும் போட்டிருக்கிறான்.

கறுத்தக் கண்ணாடி வேறு கதை.
அது தேவை.
விடிய வேலை முடிந்து
பக்கென்ஹம் நோக்கி ஓடினால்
சூரியன் நேரே வந்து மூக்கில் குந்தும்.
இருபது டொலர்க் கண்ணாடிக்கும் கண் கூசாது, தெரியும்.
நானூற்று இருபதுக்கு வாங்கினேன்.
நகரத்துக்குப் போகும் எதிர்ப்பக்க வரிசை
என்னைப் பார்த்து
கடற்கரைக்குப் போகிறாள் என்று நினைக்கட்டும்.
உள்ளே இரண்டு கண்ணும்
மிளகாய்ப் பழம்.

லைனில் மணிக்கூடு கட்டக்கூடாது.
மோதிரம், தோடு, ஒன்றும் கூடாது.
தாலிக்கு மேல் டேப் ஒட்டினால்
ட்ரேசி காணாத மாதிரிப் போவாள்.
ஆகவே கிழமைக்கு நாலிரவு
அது அலுமாரியில், காலுறைகளுக்கு அடியில்.
பற்றரி இல்லை. கை அசைந்தால்தான் ஓடுமாம்.
வெள்ளி காலை எடுத்துப் பார்க்க
புதன் சாமம் இரண்டு பத்தில்
மூச்சை விட்டிருக்கும்.
அந்த இரண்டு பத்துக்கு
நிமிடத்துக்கு நாற்பது பெட்டி
மடித்துக்கொண்டிருந்தன என் கைகள்.
அத்தனை அசைவும்
அதற்கு உதவவில்லை.

மணிக்கூடு என்று பேர் வைத்தவன் தெரிந்துதான் வைத்தான்.
கூடேதான்.
சூடு படாவிட்டால் விறைத்துப்போகும்.

சனிக்கிழமை நோபிள் பார்க் மண்டபத்தில்
சாமத்திய வீடு.
பட்டுச் சேலைக்கு மேல் மணிக்கட்டை
ஒரு விரற்கடை கூடுதலாக வெளியே விட்டிருந்தேன்.
குணமலர் பிடித்தாள்,
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"ஒறிஜினலோடி?"

ஓம் என்று நாக்கு நுனி வரை வந்தது.
சீட்டுப் பிடிப்பவள் அவள்.
நான் இரண்டு மாதம் பாக்கி.

"சும்மா போடி, கொப்பி. எண்பது டொலர்."

சொன்ன வாய்க்கே நொந்தது.
அதற்கும் கேட்டிருக்கும்,
என் நாடிக்கு மேல்தானே கிடந்தது.

"எண்பதுக்கு இந்த மினுக்கமோ!"
கைப்பையைத் திறந்து
நாலு இருபது டொலர்த் தாளை எண்ணி
என் உள்ளங்கைக்குள் வைத்து
விரல்களை அவளே மடித்துவிட்டாள்.

"எனக்கும் ஒண்டு எடுத்துத் தா.
இதே நீலம்."